பால் கட்டிய கதை

1

இந்த ஊரில் பிள்ளைக்குப் பால் கொடுப்பதற்கு வகுப்பு நடத்துகிறார்கள். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். நானும் சிரித்தேன். சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு, மெல்பர்னில் எங்கள் வட்டாரத்துச் சமூகக் கூடத்தில், வயிறு தள்ளிய பதினோரு பெண்களும் அவர்கள் புருசன்மாரும் தரையில் உட்கார்ந்திருக்க, வகுப்பு நடத்துகிற நர்ஸம்மா கம்பளி நூலில் பின்னிய மார்பு ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். ரோஸ் நிறம். நடுவில் பழுப்பு நூலில் காம்பு. ஆளுக்கொரு தடவை கையில் வாங்கி அமுக்கிப் பார்க்கச் சொன்னார். என் மருமகன் அதை விபூதித் தட்டு வாங்குகிற பவ்யத்தோடு இரண்டு கையாலும் வாங்கினார்.

என் பேர் சாந்தி. திருத்தங்கல்காரி. இங்கே வந்து இந்த ஐப்பசியோடு இருபத்தாறு வருசம் ஆகிறது. மகள் நிவேதாவுக்கு இது தலைப்பிரசவம். துணைக்கு இரண்டு பேர் வரலாம் என்று சொன்னதால் நானும் போய் உட்கார்ந்தேன். முட்டிவலியோடு தரையில் உட்கார்ந்து நூல் மார்பை அமுக்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருந்தது போல.

நிவேதா மடிக்கணினியில் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். நாற்பத்துமூன்று சாமான். பால் உறிஞ்சுகிற மெஷின் ஒன்று. அதை உள்ளாடைக்குள் மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்கே போய்வரலாமாம். அது பழுதாகிவிட்டால் என்ன செய்ய என்று கையால் அமுக்குகிற இன்னொன்று. பிள்ளையைத் தாங்க அரைவட்டத் தலையணை. காம்பு வெடிப்புக்குக் களிம்பு. பால் கசிந்தால் உறிஞ்சிக்கொள்ளத் துணி வட்டு, துவைத்துப் போடுவதில் ஆறு, தூக்கிப் போடுவதில் அறுபது. பாலை உறைய வைக்கப் பை, பையில் தேதி எழுதத் தனிப் பேனா. எந்தப் பக்கம் எத்தனை நிமிசம் கொடுத்தோம் என்று குறித்துவைக்கக் கைபேசியில் ஒரு செயலி. அப்புறம் பால் ஊறுவதற்கு ஓட்ஸ் பிஸ்கட். பூண்டை வதக்கித் தின்றால் முடிகிற காரியத்துக்கு டப்பா போட்டு ரிப்பன் கட்டி விற்கிறான்.

இதெல்லாம் எங்கிருந்து பிடித்தாள் என்று நினைக்கிறீர்கள்? இங்குள்ள தமிழ் அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்துதான். அதில் ஒருத்திக்கும் பெற்றவளிடம் கேட்கத் தோன்றாது. எந்தத் தலையணை நல்லது என்று முன்பின் தெரியாத இருநூறு பேரிடம் கேட்பார்கள். இருநூறு பேரும் தலையணை தலையணையாகப் போட்டோ அனுப்புவார்கள். பால் தலையணையிலா ஊறுகிறது?

வகுப்பு முடிந்ததும் படிவம் ஒன்று கொடுத்தார்கள். இந்த நாட்டில் படிவம் இல்லாமல் கொட்டாவிகூட விட முடியாது. நாலாம் பக்கத்தில் ஒரு கேள்வி: உங்கள் தாயார் உங்களுக்கு எத்தனை மாதம் தாய்ப்பால் கொடுத்தார்? பக்கத்தில் எண் எழுத இரண்டு கட்டம். நிவேதா பேனாவோடு என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"ரெண்டு வருசம்" என்றேன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

அவள் இருபத்துநாலு என்று எழுதினாள். எழுதிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பெருமை இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏனென்றால் அது பொய். அது பொய் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியும், திருத்தங்கலில் இருக்கிற என் அண்ணன் மனைவி சரோஜா மதினிக்குத் தெரியும். மகளுக்கு மட்டும் தெரியாது. தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் இத்தனை வருசமாக எனக்கிருந்த ஒரே பயம்.

2

வகுப்பில் தமிழிலேயே ஒரு கையேடு கொடுத்தார்கள். எந்த ஆபீஸ் அச்சடித்தது என்று சொல்ல மாட்டேன், பிழைத்துப் போகட்டும். அப்பாவின் அச்சகத்தில் புரூஃப் திருத்தி வளர்ந்தவள் நான். பட்டாசுப் பெட்டி லேபிளில் ஒரு ஒற்றெழுத்து விழுந்துபோனால்கூட அப்பா முழு லோடையும் நிறுத்திவிடுவார். அந்தக் கண்ணோடு இந்தக் கையேட்டைத் திறந்தேன்.

"குழந்தையின் தாழ்ப்பாள் சரியாக உள்ளதா எனப் பார்க்கவும்" என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. பிள்ளை வாயை அகலத் திறந்து காம்பைக் கவ்விப் பிடிப்பதை இங்கே லாட்ச் என்கிறார்கள். மொழிபெயர்த்த புண்ணியவான் அகராதியைப் புரட்டித் தாழ்ப்பாள் போட்டுவிட்டான். அடுத்த பக்கத்தில் இன்னும் மோசம். பிள்ளை அழுகிற சத்தம் கேட்டதும் தாய்க்குப் பால் இறங்கும் பாருங்கள், அதற்கு இவர்கள் லெட்-டவுன் என்று பேர் வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டாம். அதைப் பிடித்துக்கொண்டு கையேட்டில், "பாலூட்டும்போது ஏமாற்றம் ஏற்படுவது இயல்பே. ஏமாற்றம் வலுவாக இருந்தால் குழந்தைக்குப் புரையேறலாம்" என்று போட்டிருந்தது.

இதைப் படமெடுத்து மதினிக்கு அனுப்பினேன். ஒரு நாள் முழுக்கச் சிரித்ததாகச் சொன்னாள். நிவேதாவுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு ஏமாற்றம் என்றால் என்ன என்று தெரியவில்லை. எட்டு வருசம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு ஓட்டிக்கொண்டு போனதன் பலன் இது. ஆத்திசூடி மேடையில் ஒப்பிப்பாள், கேடயம் வாங்குவாள், இறங்கி வந்து ஆங்கிலத்தில் தண்ணீர் கேட்பாள்.

அவள் தமிழைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரில் பிள்ளைகள் அம்மாவை நீ என்றுதான் சொல்லும். நிவேதா என்னை நீங்க என்பாள். மதினியைப் போனில் நீ, வா, போ என்பாள். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் இவளைப் பார்த்து, பெற்றவளுக்கு எவ்வளவு மரியாதை என்று மெச்சுவார்கள். நானும் சிரித்து வாங்கிக்கொள்வேன். மெச்சுகிறவர்களுக்கு என்ன தெரியும்.

3

மதினி பார்சல் அனுப்பினாள். பூண்டு, கருப்பட்டி, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன அண்ணனின் பழைய வேட்டி நாலு, பால்சுறாக் கருவாடு ஒரு பொட்டலம். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாவைப் புட்டாக உதிர்த்துப் பூண்டோடு வதக்கிக் கொடுத்தால் பால் பொங்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பார்சலுக்கு மேலே ஒட்டுகிற தாளில் உள்ளே என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும். மதினி பத்தாவது படித்தவள். பால் என்பதற்கு மில்க் என்று எழுதினாள். சுறாவுக்கு இங்கிலீஷ் தெரியாததால் அதோடு விட்டுவிட்டாள். இங்கே சோதனை செய்கிறவர்கள் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே கல் மாதிரிக் கருவாடு. எனக்குக் கடிதம் வந்தது. மூன்று பக்கம். அறிவிக்கப்பட்ட பொருள் பால், காணப்பட்ட பொருள் மீன் போலத் தோன்றுகிறது, இது பால் பொருளா மீன் பொருளா என்று பதினான்கு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்க வேண்டும்.

விளக்கினேன். இது பால் அல்ல, மீன். ஆனால் பாலுக்கானது என்று எழுதினேன். அதற்கு இன்னொரு கடிதம் வந்தது. அப்படியானால் இது மருந்தா என்று. அத்தோடு நான் கைகழுவிவிட்டேன். கருவாட்டை எரித்துவிட்டார்கள், கருப்பட்டியும் பூண்டும் அதோடு போயிற்று. வேட்டி மட்டும் வந்து சேர்ந்தது. மதினியிடம் சொன்னபோது, "வேட்டியாச்சும் விட்டாகளே, பெரிய மனசுதான்" என்றாள்.

4

இனி அந்தப் பொய்யைச் சொல்லிவிடுகிறேன்.

நிவேதா ஆனி மாதம் திருத்தங்கலில் பிறந்தாள். என் வீட்டுக்காரர் அதற்கு முன்பே வேலை கிடைத்து மெல்பர்ன் வந்துவிட்டார். எனக்கும் பிள்ளைக்கும் விசா எடுக்க வேண்டும். என்னுடையது வந்துவிட்டது, ஒரு தேதிக்குள் வந்து இறங்காவிட்டால் செத்துப்போகும் என்றார்கள். பிள்ளைக்கு முதலில் பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இருந்தது. அதில் பேர் இல்லை. பெண் குழந்தை என்று மட்டும் போட்டிருந்தது.

ஏனென்றால் என் மாமனார் வீட்டு வழக்கப்படி மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயிலில் மொட்டை எடுத்துத்தான் பேர் வைக்க வேண்டும். அதுவரை எல்லாரும் பாப்பா என்றே கூப்பிட்டோம். நகராட்சியில் போய் ஏதாவது ஒரு பேரை எழுதிக் கொடுத்தால் முடிகிற காரியம். சாமிக்கு முன்னால் வைக்காத பேர் ஒரு பேரா என்று மாமனார் கேட்டார். பி.காம் படித்த நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். சாமியின் பேரைச் சொல்லி ஆள் ஆளுக்குத் தலையாட்டுகிற அந்தக் கூட்டத்தை இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. கூட்டத்தில் என் தலையும் ஆடியது.

நீ முன்னால் போ, ஆறு மாதத்தில் பிள்ளையை அனுப்பி வைக்கிறோம் என்றார்கள். நான்கு மாதப் பிள்ளை, தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் தொட்டதில்லை. டப்பாப் பாலுக்கு மாற்றி, மதினியிடம் விட்டுவிட்டு, என் பாலைக் கட்டிவிட்டுப் போவது என்று முடிவாயிற்று.

எங்கள் பக்கத்துப் பேச்சை மறந்துபோனவர்களுக்குச் சொல்கிறேன். பால் கட்டியிருக்கு என்றால் மார்பில் பால் இறுகிக் கல்லாகி வலிக்கிறது என்று அர்த்தம். பாலைக் கட்டணும் என்றால் பாலை நிறுத்த வேண்டும் என்று அர்த்தம். ஒரு ஐகாரம்தான் வித்தியாசம். பாலைக் கட்டுவதற்கு மல்லிகைப்பூவைச் சரமாகத் தொடுத்து மார்பில் சுற்றி வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டுவார்கள். வாடினால் அவிழ்த்துவிட்டுப் புதுச் சரம். இரண்டு மூன்று நாளில் பால் வற்றிவிடும்.

எனக்குக் கட்டிவிட்டவள் முத்துமாரி. எங்கள் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவள். அந்த லேபிளில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை கம்பி மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அவள் அதற்கு முன்பு விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருந்தவள். தலைச்சன் பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் சீசன் வந்துவிட்டது. விடிய வேனில் ஏறிப் போனால் பதினோரு மணிக்கெல்லாம் ஜாக்கெட் நனைந்துவிடும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் மண்ணில் பீச்சிவிட்டு வந்து உட்காருவாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கை, கழுத்து எல்லாம் அலுமினியப் பவுடர் மினுங்கும். மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்த பிறகும் பிள்ளை வாடைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பத்து நாள் பார்த்துவிட்டு மல்லிகைப்பூவை வைத்துக் கட்டிவிட்டாள்.

இதை அவள் எனக்குச் சொன்னது நான் மாசமாக இருந்தபோது, லேபிள் ஒட்டிக்கொண்டே. கேட்டுவிட்டு நான் முகத்தைச் சுளித்தேன். வாரக் கூலிக்காகப் பாலை நிறுத்துகிறவளெல்லாம் ஒரு தாயா என்று மதினியிடம் சொல்லிச் சிரித்தேன். முத்துமாரி காதில் விழுகிற தூரத்தில்தான் இருந்தாள். முதலாளி வீட்டுப் பிள்ளைக்கு அதெல்லாம் பார்த்துப் பேசத் தெரியாது.

ஆறு மாதம் கழித்து அவளையே ஆள் விட்டுக் கூப்பிட்டோம். ஒரு பந்து மல்லிகைப்பூவோடு வந்தாள். மதினி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள், அழுகைச் சத்தம் கேட்டால் பால் இறங்கிவிடும் என்று. முத்துமாரி சரத்தைச் சுற்றினாள். துணியை இழுத்து முடிச்சுப் போடும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள். முதலாளி மகள் என்று என்னையும் அவள் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

"எங்களுக்கு வவுத்துப்பாடு, கட்டுதோம். ஒங்களுக்கு என்ன வந்துச்சு பாப்பா?"

மூன்று நாளும் வந்து சரம் மாற்றிவிட்டுப் போனாள்.

விமானத்தில் எனக்கு இரண்டு வரிசை தள்ளி யாருடைய பிள்ளையோ அழுதது. வற்றிவிட்டது என்று நினைத்த பால் இறங்கி ரவிக்கை நனைந்தது. கழிப்பறையில் நின்று காகிதத் துண்டில் பீச்சி எறிந்தேன். உடம்பில் மல்லிகை வாசம் போகவில்லை. அன்றிலிருந்து நான் தலையில் மல்லிகைப்பூ வைப்பதில்லை. கேட்பவர்களிடம் தலைவலி என்று சொல்லிவிடுவேன்.

இங்கே எனக்கு முதலில் கிடைத்த வேலை குழந்தைகள் காப்பகத்தில். வெள்ளைக்காரத் தாய்மார் காலையில் தங்கள் பாலைப் புட்டியில் அடைத்துக் கொண்டுவந்து குளிர்பெட்டியில் வைத்துவிட்டு ஆபீசுக்குப் போவார்கள். ஒவ்வொரு புட்டியிலும் பிள்ளையின் பேர் அச்சடித்த லேபிள். நான் பேர் பார்த்து எடுத்துச் சுடுநீரில் வைத்து ஊட்ட வேண்டும். லேபிள் அடித்துப் பிழைத்த வீட்டில் பிறந்தவளுக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் பிள்ளைக்கு அப்போது இன்னும் பேரே வைக்கவில்லை.

மாசியில் பேர் வைத்தார்கள். ஆடிக்குள் பாஸ்போர்ட், விசா எல்லாம் வந்துவிட்டது. அதற்கு மேல் தாமதித்தது சாமியும் இல்லை, சர்க்காரும் இல்லை, நான்தான். வேலை நிரந்தரமாகட்டும், பெரிய வீட்டுக்கு மாறலாம் என்று தள்ளிப்போட்டேன். கூட்டிவரப் போனபோது அவளுக்கு இரண்டு வயது, பின்னால் எதுவும் நினைவில் தங்காத வயது. மதினியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னை எட்டிப் பார்த்தாள். மதினியை அம்மா என்றாள். மதினி அவளை முன்னால் இழுத்து, இதுதான் உன் அம்மா, நான் உனக்கு அத்தை, அம்மாவை நீங்க என்று சொல்ல வேண்டும் என்று பழக்கினாள். யாரோ வீட்டுக்கு வந்தவர்களிடம் பழக்குவது போல. அந்த நீங்கதான் இன்று வரைக்கும் நிற்கிறது.

5

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். நாற்பத்துமூன்று சாமானும் வீட்டில் கடை பரப்பியிருந்தன. ஐந்தாம் நாள் நிவேதாவுக்குப் பால் கட்டிக்கொண்டது. இரண்டு பக்கமும் கல். பிள்ளை வாயை வைத்துவிட்டு வழுக்கி வழுக்கி அழுதது. மெஷின் உர்ரென்று உறுமியதே தவிர இரண்டு சொட்டுக்கு மேல் வரவில்லை. செயலி மட்டும் அரைமணிக்கு ஒருதரம் மணி அடித்து, பால் கொடுத்தாயிற்றா என்று கேட்டது. அதைத் தூக்கிக் குப்பையில் போடலாமா என்று இருந்தது எனக்கு.

முருங்கைக்கீரை வாங்கி வருகிறேன் என்று இந்தியக் கடைக்குப் போனேன். நான் இல்லாத நேரத்தில் அவள் மதினிக்கு வீடியோவில் கூப்பிட்டிருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை பாருங்கள். கூப்பிட்டு, அவள் தமிழில், "அத்தை, பாலைக் கட்டணும், என்ன செய்யணும்?" என்று கேட்டிருக்கிறாள். கட்டியிருக்கு என்பதற்குக் கட்டணும். எட்டு வருசச் சனிக்கிழமைப் பள்ளி.

மதினிக்கு ஆச்சரியமே இல்லை. இவளும் வேலைக்குப் போக அவசரப்படுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டாள். மல்லிகைப்பூவை வைத்துக் கட்டச் சொன்னாள். நிவேதா உடனே மருமகனைப் பூ வாங்க அனுப்பிவிட்டாள். அவர் போன பிறகு, எத்தனை நாள் கட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். மதினி மனசில் ஒன்றும் வைக்காமல் சொல்லிவிட்டாள்.

"ஒங்கம்மாவுக்கு மூணே நாள்ல வத்திப்போச்சு தாயி. நாலு மாசத்துப் பால், அம்புட்டு ஊத்தம். அதுவே வத்திருச்சு."

நான் கீரைக் கட்டோடு உள்ளே நுழைந்தபோது வீடெல்லாம் மல்லிகை வாசம். கட்டிலில், அவள் மடியில், வாழை இலையில் சுற்றிய சரம் பிரிந்து கிடந்தது. எனக்கு என்ன நடந்தது என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. பாய்ந்து போய்ப் பூவை அள்ளினேன். பால் வற்றிப்போகும், உனக்கென்ன பைத்தியமா, எவள் சொன்னாள் என்று கத்தினேன். சமையலறைக் குப்பைத் தொட்டியில் திணித்து மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். மருமகன் தொட்டிலில் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். நல்ல மனுசன்.

நிவேதா எழுந்து சமையலறை வாசலுக்கு வந்தாள். மார்பைக் கையால் தாங்கிக்கொண்டு நின்றாள்.

"அத்தை சொல்லிருச்சு" என்றாள். அப்புறம் கேட்டாள்.

"நீ ஏம்மா எங்கிட்டப் பொய் சொன்ன?"

இருபத்துநாலு வருசமாக இந்த 'நீ'க்காகக் காத்திருந்தேன். வந்தது, இப்படி வந்தது.

என்னிடம் பதில்கள் தயாராக இருந்தன. விசாத் தேதி, பேரில்லாத சான்றிதழ், மாமனார், குலதெய்வம். எத்தனையோ முறை மனதுக்குள் புரூஃப் பார்த்துத் திருத்தி வைத்த பதில்கள்.

"வெக்கமா இருந்துச்சுடீ" என்றேன்.

அவள் அழுதாள். எனக்காகவா, வலியிலா என்று தெரியவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை, இந்த வயசில் எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. அடுப்பில் வெந்நீர் வைத்தேன்.

6

எரிக்காமல் விட்டார்களே, அந்த வேட்டியைக் கிழித்து வெந்நீரில் நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடுத்தேன். நிவேதா பிறந்த நாலாம் நாள் எனக்குப் பால் கட்டியபோது முத்துமாரி செய்தது போலவே, மார்பின் மேலிருந்து காம்பை நோக்கி நோகாமல் நீவி, காம்பைச் சுற்றிக் கறுத்த இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் இரண்டு விரலை வைத்து உள்நோக்கி அமுக்கினேன். முதலில் சொட்டு, அப்புறம் நூலாக, அப்புறம் பீறிட்டு என் கண்ணாடியில் அடித்தது. வலியிலும் நிவேதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கறுத்த இடம் மெத்தென்று ஆனதும் பிள்ளையைக் கொண்டுவரச் சொன்னேன். கவ்வியது. கையேட்டுக்காரன் பாஷையில் சொன்னால், தாழ்ப்பாள் விழுந்தது.

அவள் நாலு மாதத்தில் வேலைக்குப் போக வேண்டும். போகும்போது மெஷினைக் கொண்டு போவாளாம், ஆபீசில் அதற்கென்று ஒரு அறை இருக்கிறதாம், பாலைப் பையில் அடைத்துக் கொண்டுவருவாளாம். அவள் சொல்லச் சொல்ல நான் அந்த மெஷினைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இத்தனை நாள் நான் கேலி செய்த சாமான். இதன் பாகங்களை ஒவ்வொரு தடவையும் கழற்றிக் கழுவ வேண்டும். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். தலையணையையும் பிஸ்கட்டையும் பற்றிய என் அபிப்பிராயத்தில் மாற்றம் எதுவும் இல்லை.

மறுநாள் வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் வருவதாக இருந்தது. வகுப்பில் கொடுத்த படிவத்தை அவரிடம் கொடுக்க வேண்டும். காலையில் நான் மெஷின் புட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். நிவேதா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே படிவத்தைப் புரட்டினாள். நாலாம் பக்கத்தை எடுத்து இருபத்துநாலை அடித்தாள். நன்றாக அழுத்தி, இரண்டு கோடு.

"எத்தனைன்னு போட? நாலா?" என்று கேட்டாள்.

"நாலு மாசம் பதினொரு நாள்" என்றேன்.

அவள் பேனாவோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து மாதத்துக்கான கட்டத்தில் நாலு என்று எழுதினாள். நாள் எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.